கூரை இல்லாத வீட்டின் இறவாரம்

மழை பெய்யுற ஊருல பொறந்து, மழை பெய்யுற ஊருலயே வாக்கப்பட்டு, மழையைப் பாத்துப் பாத்தே தலை நரைச்சவ நான். அந்த மழை ஒரு வீட்டுத் தலைக்கு மேல வந்து நின்னு, உள்ள வரலாமா வேண்டாமான்னு யோசிச்சு, வேண்டாம்னு ஒதுங்கிப் போனதைக் கண்ணால பாத்தப்போகூட எனக்குப் பெருசா ஆச்சரியம் வரல. அன்னைக்கு எனக்கு இருந்த கவலைக்கு முன்னால அதெல்லாம் ஒரு விஷயமாவே படல. கவலை என் வீட்டுக்காரரைப் பத்தினது.

பேரு கோமதிநாயகம், டவுன் பஸ் கண்டக்டர். தென்காசிப் பக்கம் ரோட்டோரத்துல எங்க ஓட்டு வீடு. கொத்தனாருக்குச் சித்தாளா நின்னு, செங்கல் சுமந்து, சாந்து கொழைச்சு அவரே எழுப்புன வீடு. வருஷா வருஷம் சாரல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால லீவு போட்டுட்டு, லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு மேல ஏறி, ஒவ்வொரு ஓடாத் தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லாததைக் கழட்டிப் புதுசு சொருகிட்டுத்தான் கீழ எறங்குவாரு. அப்படியும் அடுப்பங்கரை மூலை மட்டும் அவருக்கு அடங்காது, எப்படியாவது ஒழுகப் பாக்கும். "ஏளா உலகு, ஒரு சட்டி கொண்டா, ஒழுகுது!"ன்னு கத்திக்கிட்டே கொட்டுற மழையில மேல ஏறிருவாரு, நான் ஓடிப்போய் சட்டியை வைப்பேன். இந்த வீட்டுத் தரையில ஒரு சொட்டு மழை விழுந்தது கிடையாதுன்னு பஸ்ஸுல ஏறுறவன் எறங்குறவன்கிட்ட எல்லாம் பீத்திக்குவாரு. உலகம்மாள்ங்கிற என் பேரை அவர் முழுசாக் கூப்பிட்டதே இல்ல, அந்த வீட்டை ஒருநாளும் சும்மா 'வீடு'ன்னு சொன்னதும் இல்ல, 'நம்ம வீடு'ம்பாரு.

அந்த வீட்டுக்கு நேரா நாலுவழிச் சாலை வந்துச்சு. அளந்தாங்க, சுவத்துல செவப்பு மையில குறி போட்டாங்க, சாமான் எல்லாத்தையும் வாடகை வீட்டுக்கு மாத்தியாச்சு. இவரு ஒரு வார்த்தை பேசல. அழல, திட்டல, வேலைக்குப் போனாரு, வந்தாரு, போட்டதைத் தின்னாரு. ஆனி மாசம் வந்தப்போ வழக்கம்போல லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு மேல ஏறி, இடிபடப் போற வீட்டுக்குப் புது ஓடு மாத்துனாரு. தெருவே நின்னு சிரிச்சுது, எனக்குச் சிரிப்பு வரல. மனுஷன் உள்ளுக்குள்ள வெடிச்சு ஒருநாள் பொசுக்குன்னு விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

சனிக்கிழமை ஜேசிபி வருதுன்னு தகவல் வந்ததும் எங்க மக ஆதிரைதான் ஏற்பாடு பண்ணுனா. காலேஜ் படிக்கிற பிள்ளை, போனைத் தட்டி ஏழூர்மலை தேசியப் பூங்காவுல ரெண்டு நாளைக்குக் கூடாரம் போட்டுத் தங்குறதுக்கு எடம் பிடிச்சுட்டா. "அப்பா அங்கன நின்னு பாக்கக் கூடாதும்மா"ன்னு என் காதுல சொன்னா. இவருகிட்ட, அங்க காட்டுக்குள்ள ரொம்பப் பழைய காலத்து ஊரு ஒண்ணு இருக்காம், பாக்கலாம்பான்னா. சரின்னாரு. எதுக்கெடுத்தாலும் சரிங்கிறவரைப் பாத்தா பயமா இருக்காதா?

சனிக்கிழமை காலையில கெளம்புனோம். உள்ள ஒரு துடைப்பம்கூடக் கெடையாது, மத்தியானத்துக்கு மேல கதவே இருக்காது, ஆனாலும் இவரு பூட்டை மாட்டி, ரெண்டு தடவை இழுத்துப் பாத்து, சாவியைச் சட்டைப் பையில போட்டாரு. போட்டுட்டு, தெனமும் வேலைக்குக் கெளம்பும்போது சொல்ற மாதிரியே, பூட்டுன கதவைப் பாத்து, "போயிட்டு வாரோம்"னாரு. நம்மளுக்குப் 'போறேன்'னு வாயில வராதே. சின்ன வயசுல தெரியாமச் சொன்னாலே வாய் மேல போட்டிருப்பாங்க. நான் பையைத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறிட்டேன்.

ஏழூர்மலைக்குப் போய்ச் சேந்தப்போ சாரல்தான் தூறிக்கிட்டு இருந்துச்சு. கூடாரத்தை விரிச்சு முளையடிச்சு, அடுப்புப் பத்த வைக்கிறதுக்குள்ள அது மழையாகி, மழை காத்தோட சேந்து, கூடாரமெல்லாம் உப்பி ஒருபக்கமாச் சாஞ்சு போச்சு. எங்களைத் தவிர இன்னும் ரெண்டு குடும்பம். மதுரையிலேருந்து வேன் நெறைய ஆளுக வந்திருந்தாங்க, கோயம்புத்தூர்லேருந்து சென்னியப்பன்னு ஒரு பேங்க்காரரும் அவரு சம்சாரம் கண்ணம்மாளும் வந்திருந்தாங்க. எல்லாரும் கோழி மாதிரி நனைஞ்சு நின்னப்போ, அங்க சமைச்சுப் போட்டு எடத்தைப் பாத்துக்கிற செண்பகம்ங்கிற அம்மா ஒரு உரச்சாக்கைத் தலையில கவுத்திக்கிட்டு வந்தா. அடிவாரத்து ஊர்க்காரி, வெத்தலை வாயி.

"டென்ட்டை விட்டுத் தள்ளுங்க. சட்டிபானையைத் தூக்கிட்டுப் பழையூருக்கு வாங்க, அங்க நனையாது" அப்படின்னா.

பழையூருங்கிறது நாங்க பாக்க வந்த அந்த இடிஞ்ச ஊருதான். ஒரே ஒரு தெரு, ரெண்டு பக்கமும் கருங்கல் சுவரு, ஆளு ஒசரத்துக்கு நிக்குது. கூரைன்னு ஒண்ணு இருந்து எத்தனையோ தலைமுறை ஆயிருக்கும். "மொட்டைச் சுவத்துக்குள்ள எப்படிங்க நனையாம இருக்கும்?"னு கண்ணம்மாள் கேட்டாங்க. "வாசல் நடையில கால் வச்சுப் பாருங்க"ன்னா செண்பகம்.

வச்சுப் பாத்தோம். நனையல. தலைக்கு மேல வானம் இருட்டிக் கெடக்கு, மழை சரம் சரமா எறங்கி வருது, சுவத்துக்கு ஒரு ஆளு ஒசரம் மேல வந்ததும் காணாமப் போயிருது. போன தண்ணி எங்க போச்சுன்னு பாத்தா, சுவத்துக்கு வெளிய, ஒரு முழம் தள்ளி, கூரை விளிம்பு இறவாரத்துல சொட்டுற மாதிரி வரிசை பிடிச்சு ஒழுகுது. கூரை இல்ல, இறவாரம் மட்டும் இருக்கு. ஒழுகுன எடத்துல கல்லு குழி குழியாத் தேஞ்சிருந்துச்சு.

"மழைதான் வராது. பனி எறங்கும், போர்வை வச்சுக்கங்க. கொரங்கும் வரும்"னு செண்பகம் சொல்லிட்டு அடுப்பு மூட்டப் போயிட்டா.

இதைப் பாத்து யாராவது மயங்கி விழுந்திருப்பாங்கன்னு நெனைப்பீங்க. அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. முதல்ல கொஞ்ச நேரம் எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க, மதுரைக்காரங்க போன்ல படம் பிடிச்சாங்க, கண்ணம்மாள் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த வீடு பெருசுன்னு பேச்சு வந்துருச்சு. வேன் நெறைய வந்த நாங்க சின்ன வீட்டுல எப்படிங்க படுக்கிறதுன்னு மதுரைக்காரங்க கேக்க, நாங்கதானுங்களே முதல்ல கால் வெச்சதுன்னு சென்னியப்பன் சொல்ல, ஆதிரை குறுக்க போய்ச் சமாதானம் பண்ணி, ஆளுக்கொரு வீடுன்னு முடிவாச்சு. சுவத்துக்குச் சுவரு கொடி கட்டி ஈரத்துணியைக் காயப் போட்டோம். இறவாரத் தண்ணியில பிள்ளைங்க குண்டானை வச்சுப் பிடிச்சாங்க, அதுலயே சோறு வடிச்சோம். எங்க வீட்டு ரசத்தை அவங்க வீட்டுக்குக் கொடுத்து, அவங்க வீட்டு அப்பளத்தை நாங்க வாங்கி, சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அது ஏதோ எங்க சொந்தத் தெரு மாதிரியும், நாங்க ரொம்ப நாளா அங்கனயே குடியிருக்கிற மாதிரியும் ஆயிப்போச்சு. மனுஷனுக்கு நனையாம ஒரு எடம் கெடைச்சாப் போதும், ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டான்.

இவரு மட்டும் உக்காரல. சுவத்தைத் தடவிக்கிட்டே மூலை மூலையாப் போய் அண்ணாந்து பாத்தாரு. ஓடு தட்டுற மாதிரி விரலை மடக்கி, இல்லாத கூரையைத் தட்டிப் பாக்கக் கைய ஒசத்தினாரு. பல நாளைக்கு அப்புறம் அவரு மொகத்துல ஒரு தெளிச்சி. "ஒரு சொட்டு விடலயே உலகு"ன்னாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. இந்தக் காட்டுக்கு வந்ததுக்கு இது ஒண்ணே போதும்னு நெனச்சேன்.

சாயந்திரம் சென்னியப்பன் ஒரு காரியம் பண்ணுனாரு. பாவம், வேணும்னு பண்ணல. தெரு மொனையில பழையூரைப் பத்தி எழுதுன பலகை ஒண்ணு உண்டு. மழையில நின்னு படிக்க முடியாம அதைப் போன்ல படம் பிடிச்சுட்டு வந்து, வீட்டுக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, கண்ணம்மாளுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுனாரு. "நீண்ட பஞ்சத்தால் இவ்வூர் மக்கள் வெளியேறினர். பின்னர் அவர்கள் ஒருபோதும் திரும்பி வரவில்லை."

அந்தக் கடைசி வார்த்தை வாயை விட்டு வந்ததும் மழை அவரு தலையில விழுந்துச்சு. மெதுவா எல்லாம் இல்ல, மடை தொறந்த மாதிரி. காய்ஞ்ச துணி, சாம்பார்ச் சட்டி, போர்வை எல்லாம் ஒரே வெள்ளம். சுவத்துக்கு வெளிய சொட்டிக்கிட்டு இருந்த இறவாரம் நின்னுபோச்சு. "அய்யய்யோ, நானொண்ணும் பண்ணலீங்க, படிச்சேனுங்க!"ன்னு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவரு தெருவுக்கு ஓடி வந்தாரு.

செண்பகம் கரண்டியோட வந்து எட்டிப் பாத்தா. கோவப்படல. கரண்டியால பலகை இருக்கிற பக்கத்தைக் காட்டுனா.

"பலகையை எதுக்கு வீடுகளை விட்டுத் தள்ளி மொனையில நட்டு வச்சிருக்குன்னு நெனைச்சீங்க? யாராவது படிச்சாலும் வீட்டுக்குக் காது கேக்கக் கூடாதுன்னுதான். அந்தக் காலத்து ஆளுக போகும்போது எல்லா வீட்டுலயும் போயிட்டு வாரோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. சொன்னவங்க வருவாங்கன்னு இதுக தரையை நனையாம வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இன்னைக்குத்தான் இந்த வீட்டுக்கு விஷயம் தெரிஞ்சுது."

"நாசம் பண்ணிட்டேனுங்களா?"ன்னு சென்னியப்பன் கேட்டாரு.

"சேச்சே. பாவம், இத்தனை காலம் முழிச்சிருந்துச்சு. இனியாவது கல்லாக் கெடக்கட்டும்."

"அப்போ மத்ததுகிட்டயும் நீங்களே சொல்லிரலாமே?"ன்னு ஆதிரை கேட்டா.

செண்பகம் வெத்தலையைத் துப்பிட்டு வந்து சொன்னா: "சொல்லத்தான் ஒவ்வொரு மழைக்கும் வாரேன் தாயி. வாய் வர மாட்டேங்குது."

அதுக்கப்புறம் தெரு முழுக்க இதே பேச்சு. சென்னியப்பன் குடும்பத்தை எங்க வீட்டுக்குள்ள சேத்துக்கிட்டோம். வாடகை வீட்டுல சொன்னாக் கணக்குல வருமா வராதான்னு மதுரைக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் விவாதம். பேங்க் மாறுதல்ல நாங்க காலி பண்ணுன வீடெல்லாம் என்ன கதியில இருக்கோன்னு கண்ணம்மாள் விரல் விட்டு எண்ணுனாங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் பேசுனாங்க, ஆனா குரலைத் தாழ்த்திப் பேசுனாங்க. சுவத்துக்குக் கேட்டுறக் கூடாதுல்லா.

இவரு சிரிக்கல. செண்பகத்துகிட்டப் போய், "பூட்டிட்டுச் சொன்னாலும் அப்படித்தானா?"ன்னு கேட்டாரு.

அவ இவரு மொகத்தைப் பாத்தா. "பூட்டிட்டுச் சொன்னா இன்னும் நம்பும்"னா.

இவரு மழையோட மழையா வண்டியைப் பாத்து நடந்தாரு. நான் பின்னாலயே ஓடி, கையப் பிடிச்சேன். "எங்க போறீய?"

"விடுளா. இடிக்கிறப்போ அது என்ன நெனச்சிருக்கும்? இந்தா வந்துருவான், இந்தா வந்துருவான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கும்ளா. நான் இங்க அப்பளம் தின்னுக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை உண்மையச் சொல்லாம, பூட்டி வச்சு, ஏமாத்திட்டு வந்துட்டேன்."

வீடு போச்சுன்னு அவரு வாயில வந்த முதல் பேச்சு அது. ஆனா போக வழி இல்ல. அடிவாரத்து ஓடையில செந்தண்ணி பாலத்துக்கு மேல போகுது, வடிஞ்சாத்தான் வண்டி எறங்கும்னுட்டாங்க. திரும்பி வந்து சுவத்துல சாஞ்சு உக்காந்தாரு. நான் பக்கத்துல உக்காந்தேன், ஆதிரை அவரு தோள்ல தலையை வச்சுப் படுத்துக்கிட்டா. மேல மழை வந்து வந்து ஒதுங்கிப் போச்சு. யாருக்காகவோ பிடிச்ச கூரைக்குக் கீழ நாங்க காய்ஞ்சு கெடந்தோம். இவரு ரொம்ப நேரம் அந்தச் சுவத்துல உள்ளங்கையை வச்சுக்கிட்டே இருந்தாரு.

ஞாயித்துக்கிழமை ஓடை வடிஞ்சுது. கெளம்பும்போது செண்பகம் தெரு மொனையில நின்னு எச்சரிச்சா. "ஒண்ணும் சொல்லாம எறங்குங்க. உங்க பங்குக்கு வேற காக்க வைக்காதீங்க." தின்ன வீட்டுல சொல்லாமக் கெளம்புறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாக்கு தன்னால பொரளுது. மதுரைக்காரங்க பெரியவங்க சின்னவங்க எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு வேனுக்குப் போனாங்க. சென்னியப்பன் கர்ச்சீப்பை வாயில திணிச்சுக்கிட்டாரு, ரெண்டாவது தடவை அவரு யாரையும் கெடுக்கத் தயாரா இல்ல. இவரு மட்டும் நடையில குனிஞ்சு, நாங்க தங்குன வீட்டுப் படியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு வந்தாரு.

எங்க ஊருக்கு வந்து சேந்தப்போ வெயில் சாயுற நேரம், சாரல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தெருவுல ஒரு பக்கம் அடையாளமே தெரியல. வீடெல்லாம் செங்கல் குவியல், ஓட்டுச் சில்லு. எங்க வீடு இருந்த எடத்துல சுவரு இல்ல, கதவு இல்ல, பூட்டு எந்த மண்ணுக்குள்ள போச்சோ. வழிச்சுத் தள்ளுன தரை மட்டும் செவப்பாத் தெரிஞ்சுது. அந்தத் தரையில ஒரு சொட்டு ஈரம் இல்ல.

சனங்க எல்லாம் அங்கதான் இருந்தாங்க. டீக்கடை சண்முகக்கனி அண்ணாச்சி பாய்லரை எங்க முன்னறையில கொண்டாந்து வச்சு யாவாரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஜேசிபி ஓட்டுற தம்பி சட்டையைக் கழட்டிக் காயப் போட்டுட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். ரெண்டு ஆடு படுத்துக் கெடந்துச்சு. தரையைச் சுத்தி நாலு பக்கமும் இறவாரத் தண்ணி வரிசையாச் சொட்டுது.

"வாப்பா கோமதி! நேத்து இடிச்சதுலேருந்து இப்படித்தான்" அப்படின்னாரு அண்ணாச்சி, பொண்ணு பொறந்ததைச் சொல்ற மாதிரி. "நாங்க எல்லாம் இங்கன ஒதுங்கிக்கிட்டோம். ரோடு போட்டாலும் இது இப்படியே இருந்துச்சுன்னா பஸ்ஸுக்கு நிக்க எவ்வளவு சவுகரியம், பாத்துக்கோ!"

இவரு செருப்பைக் கழட்டினாரு. "அண்ணாச்சி, எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க"ன்னாரு.

"எதுக்குப்பா, இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கும் பெருமைதான?"

"பெருமைதான் அண்ணாச்சி. ஆனா இது காத்துக்கிட்டு இருக்கு."

என்ன புரிஞ்சுதோ, அண்ணாச்சி பாய்லரைத் தூக்கச் சொன்னாரு. ஆட்டை ஓட்டுனாங்க. ஜேசிபித் தம்பி சட்டையை எடுத்துக்கிட்டு மழையில போய் நின்னான்.

வாசல் இருந்த எடத்து வழியாத்தான் உள்ள போனோம், மத்தப் பக்கம் திறந்து கெடந்தும் யாருக்கும் அப்படி நுழையத் தோணல. இவரு முன்னறை, படுக்கிற அறை, அடுப்பங்கரைன்னு மெதுவா நடந்தாரு. அங்கங்க இல்லாத கதவு நெலைக்குத் தலையைக் குனிஞ்சாரு. நடுவுல நின்னு வாயைத் தொறந்தாரு.

"போயிட்டு..."ன்னு வந்துச்சு. முழுங்கிக்கிட்டாரு.

"நான் சொல்லட்டாப்பா?"ன்னா ஆதிரை.

"வேண்டாம் மக்கா. கட்டுனவன் நான்." சட்டைப் பையிலேருந்து சாவியை எடுத்துத் தரையில வச்சாரு. எனக்குப் பழைய கவலைதான், இந்தக் காரியத்தைச் செஞ்சுட்டு இவரு எந்திரிப்பாரா மாட்டாரான்னு. குனிஞ்சபடியே, பிள்ளைகிட்டப் பேசுற மாதிரி சொன்னாரு.

"நாங்க போறோம். இனி வர மாட்டோம். நீ நல்லா இருந்த. ஒருநாளும் எங்களை நனைய விடல. போதும். இனி நீ நனைஞ்சுக்கோ."

ஒண்ணும் நடக்கல. ஊரே மூச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இறவாரம் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்கு மனசு வரலபோல.

அப்புறம் அடுப்பங்கரை மூலையில, அந்த அடங்காத எடத்துல, ஒரே ஒரு சொட்டு டப்புன்னு விழுந்துச்சு.

இவரு வெடுக்குன்னு தலையைத் தூக்கினாரு. "ஏளா உலகு, ஒரு சட்டி கொண்டா, ஒழுகுது!"ன்னாரு.

சொன்ன பிறகுதான் அவருக்கே ஒறைச்சுது. என்னைப் பாத்தாரு. அத்தனை மாசமும் வராத அழுகை ஓன்னு வந்துச்சு, தரையில உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. என்கிட்ட சட்டி ஏது? ஓடிப்போய் அந்த மூலையில மண்டி போட்டு, ரெண்டு கையையும் சேத்துக் குவிச்சு நீட்டினேன். ரெண்டாவது சொட்டு என் கையிலதான் விழுந்துச்சு. மூணாவதும் விழுந்துச்சு. கை நெறைஞ்சு வழியிற மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், அப்புறம் வீடு முழுக்கப் பெஞ்சுது.